தீர்ப்பு நகல் தராத நியாயஸ்தலம்

கொலை செய்தவன் கடைசிவரை அகப்படாமலே போய்விட்டால் அந்தக் கொலைக்குக் கணக்குத் தீர்ப்பவர் யார் என்று நம் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால், அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும் என்று சற்றும் தயங்காமல் சொல்லிவிட்டு, அதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை என்பதுபோல வெற்றிலைச் செல்லத்தைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொள்வார்கள். அந்த விடை எனக்கு நெடுநாளாகவே திருப்தி தந்ததில்லை. தெய்வம் தண்டிப்பதில்லை என்று வாதிக்க நான் வரவில்லை. கர்ம சித்தாந்தத்தில் எனக்கு நம்பிக்கைக் குறைவும் இல்லை. ஆயினும், செய்தவனை நடுங்க வைப்பதற்கென்று பிறந்த அந்தப் பழமொழி, காலப்போக்கில், விசாரிக்கக் கடமைப்பட்டவனை நிம்மதியாகத் தூங்க வைக்கும் தாலாட்டாக மாறிவிட்டதோ என்ற சந்தேகம், கள்ளக்குறிச்சிச் சீமையின் பழைய கதைகளையும் புதிய வழக்குகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு வலுக்கிறது.

2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை; அம்மலையிலிருந்து இறங்கி வருபவை கோமுகியும் மணிமுத்தாவும்; வடக்கே தென்பெண்ணை. அந்தப் பெண்ணைக் கரையில் இருக்கும் திருக்கோவலூர் அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்று. சிவபெருமான் அந்தகாசுரனை வதைத்த இடம் அது என்பது ஐதீகம். தெய்வமே ஆயுதம் எடுத்து ஒருவனை அழித்ததைக் கொண்டாடுகிற அதே ஊரில்தான், மனிதன் மனிதனைக் கொன்ற ஒரு கொலையையும் நம் சமயம் மறவாமல் நினைத்துக்கொண்டிருக்கிறது.

திருக்கோவலூரில் அரசிருந்த மெய்ப்பொருள் நாயனாரின் சரித்திரத்தைப் பக்தியோடு படித்தவர்கள் பலர். ஒரு கொலை வழக்கின் கட்டைப் பிரித்துப் பார்ப்பவரைப்போலப் படித்தவர்கள் சிலரே இருக்கக்கூடும். போர்க்களத்தில் பலமுறை தோற்றுப்போன முத்தநாதன், திருநீறு பூசி, சடை முடித்து, சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு அரண்மனைக்குள் நுழைகிறான். சிவனடியார் வேடத்தைக் கண்ட வாயிற்காவலர் எவரும் அவனைத் தடுக்கவில்லை. உள்வாயிலில் தத்தன் மட்டும், அரசர் துயில்கொள்ளும் சமயம் என்று சொல்லி நிறுத்திப் பார்க்கிறான். எங்கும் கிடைக்காத ஆகமம் ஒன்றை உபதேசிக்க வந்ததாகவும், தனிமையில்தான் சொல்லமுடியும் என்றும் அவன் சொன்னதன்பேரில் அரசியையும் அப்புறப்படுத்திவிட்டு, அவனை உயர்ந்த ஆசனத்தில் இருத்தித் தாம் தரையில் அமர்ந்து வணங்கிய அரசரை, அவன் சுவடிக் கட்டை அவிழ்ப்பவன்போலக் கத்தியை எடுத்துக் குத்திவிடுகிறான். ஓடிவந்த தத்தன் வாளை ஓங்கியபோது, விழுந்துகொண்டிருந்த அரசர், இவர் நம்மைச் சேர்ந்தவர் என்று சொல்லித் தடுத்ததோடு நில்லாமல், யாரும் தீங்கு செய்யாதபடி அவரை ஊர் எல்லைவரை கொண்டுபோய் விட்டு வா என்றும் ஆக்ஞாபிக்கிறார். செய்தி கேட்டுத் திரண்ட ஜனங்கள் வழிமறிக்க, அவர்களிடம் அரசரின் கட்டளையை எடுத்துச் சொல்லி விலக்கிக்கொண்டே தத்தன் அவனை அழைத்துச் செல்கிறான். திரும்பி வந்து, பத்திரமாகப் போய்விட்டான் என்று அவன் தெரிவித்த பிறகே, அதுவரை உயிரைப் பிடித்து வைத்திருந்த அரசர் கண்களை மூடுகிறார்.

கொலையுண்டவரே கொலைகாரனுக்குக் காவலுடன் வழியனுப்பு விழா நடத்திய இந்தக் கதையை, விசாரணையும் தண்டனையும் வேண்டாம், மன்னிப்பே மேலானது என்பதற்கு மேற்கோளாகக் காட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் கதையில் மறைவாக நடந்தது குத்து ஒன்றுதான். குத்தியவன் யார் என்பது அரசருக்குத் தெரியும், தத்தனுக்குத் தெரியும், வழிமறித்த ஊர் முழுவதற்கும் தெரியும். மரண வாக்குமூலம் சாட்சிகளின் முன்னிலையில் அளிக்கப்பட்டு, அது நிறைவேற்றப்பட்டதும் வாக்குமூலம் தந்தவருக்கே அறிவிக்கப்பட்டது. மன்னிப்பு என்ற அரிய செயலை அவரால் செய்ய முடிந்ததற்கு, மன்னிக்கப்படுபவன் அவர் கண்ணெதிரே நின்றுகொண்டிருந்தான் என்பது முதற்காரணம். யாரை மன்னிப்பது என்றே தெரியாத ஒரு தாய்க்கு மெய்ப்பொருளாரின் வழியைக் காட்டுவது, கண்ணைக் கட்டிவிட்டு எதிரே இருப்பவரை வணங்கச் சொல்வதற்குச் சமானம்.

அத்தகைய தாய்மார்கள் கற்பனையில் இருப்பவர்கள் அல்லர். 2018 பிப்ரவரி 18ஆம் தேதி, ஆந்திர மாநிலம் கடப்பை மாவட்டத்தில் ஒண்டிமிட்டா என்ற ஊரின் ஏரியில் ஐந்து ஆண்களின் பிணங்கள் மிதந்தன. கோதண்டராமர் கோயிலால் பெயர் பெற்ற ஊர் அது. இறந்தவர்கள் சேலம் மாவட்ட எல்லைக்குள் அமைந்த கல்வராயன் மலைப்பகுதியின், கருமந்துறையைச் சுற்றியிருக்கும் சிற்றூர்களைச் சேர்ந்தவர்கள் என்பது பின்னர் தெரியவந்தது. செம்மரம் வெட்ட வந்தவர்கள், துரத்தப்பட்டு ஓடும்போது தண்ணீரில் விழுந்து மூழ்கியிருக்கலாம் என்பது ஆந்திரப் போலீசாரின் தரப்பில் சொல்லப்பட்டது. மலையில் பிறந்து வளர்ந்த ஐந்து பேர் ஒரே ஏரியில் ஒரே சமயத்தில் மூழ்கினார்கள் என்பதை உறவினர்களும் மனித உரிமை இயக்கத்தாரும் ஏற்கவில்லை. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2015 ஏப்ரல் 7ஆம் தேதி, சேஷாசல வனத்தில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர்; அதிலாவது சுட்டவர்கள் யார் என்பதில் மறைவு இல்லை; தற்காப்புக்காகச் சுட்டோம் என்ற அவர்களின் சமாதானத்தைப் பற்றித்தான் விவாதம். ஒண்டிமிட்டா ஏரியிலோ, நடந்தது கொலையா, விபத்தா என்பதே விவாதம்.

கல்வராயன் மலையில் வாழும் மலையாளிகள் தங்கள் முன்னோர் காஞ்சீபுரத்திலிருந்து வந்தவர்கள் என்றும், வரும்போதே தங்கள் தெய்வமான கரிராமனையும் உடன் கொண்டுவந்தார்கள் என்றும் சொல்லிக்கொள்கிறவர்கள். 1976இல் அரசு எடுத்துக்கொள்ளும்வரை, சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்களின் ஆளுகையில், அரசன் என்றால் ஜாகீர்தார், நீதி என்றால் அவர் வாய்ச்சொல் என்ற நிலையிலேயே பல தலைமுறைகள் கழித்தவர்கள். மழையை நம்பிய சாமையும் தினையும் வீட்டுக்குப் போதாமல், கூலியாளாகப் புறப்பட்டு, ஊர் பெயர்கூடச் சரியாகத் தெரியாத காட்டுக்குள் கோடரியோடு கொண்டுபோய் விடப்படுகிற ஒருவனுக்கு அங்கே என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லக்கூடியவர்கள், அவனோடு போனவர்களும் அவனைத் துரத்தியவர்களும்தான். முன்னவர் அச்சத்தால் வாய் திறப்பதில்லை. பின்னவர் வாய் திறக்க வேண்டிய அவசியம் இருப்பதாகக் கருதுவதில்லை.

இங்கேதான் கர்மம் என்ற சொல் மிகவும் மலிவான விலைக்கு வாங்கப்படுகிறது. வெட்டப் போனான், செத்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் மாண்டபோதும் இதே வாக்கியம், வினைச்சொல் மட்டும் மாறி, டீக்கடைகளில் புழங்கியது: குடித்தான், செத்தான். சென்னை உயர் நீதிமன்றம் அந்த வழக்கைச் சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்ததற்கு அந்த வாக்கியம் போதுமானதாக இல்லாமற் போனதே காரணம் என்று சொல்லலாம். சாராயத்தில் விஷத்தைச் சேர்த்தவன் ஒருவன், சேர்ப்பதை அறிந்தும் விற்றவன் ஒருவன், விற்பதை அறிந்தும் கண்டுகொள்ளாதவன் ஒருவன் என்று வினை பங்கிட்டுக்கொள்ளப்பட்ட ஒரு சாவில், முழு வினையையும் செத்தவன் தலையிலேயே சுமத்திவிடுவதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் அவகாசம் ஒரு டம்ளர் தேநீர் ஆறும் நேரம்தான்.

கர்ம சித்தாந்தம் இதற்கு இடம் கொடுக்கிறதா என்று பார்த்தால், கொடுக்கவில்லை என்றே தோன்றுகிறது. சைவ சித்தாந்திகளின் கொள்கைப்படி கர்மம் ஜடம். தானாகவே எழுந்து சென்று செய்தவனைத் தேடிப் பிடிக்கும் அறிவு அதற்குக் கிடையாது. பலனை அறிந்து ஊட்டுவதற்கு ஒரு சேதனன் வேண்டும் என்பதையே அவர்கள் கடவுளின் இருப்புக்கு ஒரு நியாயமாகக் காட்டுகிறார்கள். அதாவது வினைக்கும் பயனுக்கும் நடுவில் அறிவு ஒன்று நின்று, இது இவனுடையது, இவ்வளவு உடையது என்று நிர்ணயிக்க வேண்டும். விசாரணை என்பது அந்த நிர்ணயத்தின் மனித வடிவம். அது கர்மத்தில் நம்பிக்கையில்லாதவன் செய்கிற அதிகப்பிரசங்கம் ஆகாது.

அந்தத் தெய்விக நிர்ணயத்தையே எதிர்த்து அப்பீல் செய்த ஒருவரின் கதை மகாபாரதத்தில் இருக்கிறது. மாண்டவ்யர் என்ற முனிவர் மௌனவிரதத்தில் இருக்கையில், திருடர்கள் அவருடைய ஆசிரமத்தில் களவுப் பொருளோடு ஒளிந்துகொண்டார்கள். துரத்தி வந்த சேவகர் கேட்டபோது அவர் வாய் திறக்கவில்லை. ஆகவே அவரும் கூட்டாளி என்று முடிவுகட்டப்பட்டுக் கழுவில் ஏற்றப்பட்டார். தவ வலிமையால் உயிர் தப்பிய அவர் நேரே தர்மராஜனின் சபைக்குச் சென்று, நான் அனுபவித்த இந்தத் தண்டனை எந்தக் குற்றத்துக்கு என்று கேட்டார். குழந்தைப் பருவத்தில் பூச்சிகளைப் பிடித்துப் புல்லால் குத்தி விளையாடியதற்கு என்று விடை வந்தது. அறியாப் பருவத்துச் சிறு பிழைக்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று சினந்து, நீ மனிதனாகப் போய்ப் பிற என்று தர்மராஜனையே சபித்தார். அந்தச் சாபத்தால் பிறந்தவரே விதுரர். 14 வயதுவரை செய்யும் காரியங்கள் பாவக் கணக்கில் சேரா என்று மாண்டவ்யர் விதித்த வரம்பும் அப்போது ஏற்பட்டதே. மாண்டவ்யர் கேட்டது தண்டனையைக் குறைக்கும்படி அன்று. அதுதான் ஏற்கெனவே நிறைவேறிவிட்டதே! காரணம் என்ன என்று கேட்டார். காரணம் சொல்லப்பட்ட பிறகுதான் அந்தக் காரணத்தின் அநீதி வெளிப்பட்டது. வெளிப்பட்ட பிறகுதான் சட்டம் திருந்தியது. தர்மராஜனின் ஏட்டில் நம் பெயருக்கு நேரே எழுதப்பட்டதை வாசித்துக் காட்டச் சொல்லும் பாக்கியம் அந்த ஒருவருக்குத்தான் கிடைத்தது. மற்ற நமக்கெல்லாம் அந்த நியாயஸ்தலம் தண்டனையைக் கொடுக்கிறது. தீர்ப்பின் நகலைக் கொடுப்பதில்லை. ஒண்டிமிட்டா ஏரிக்கரையில் ஏதேனும் அக்கிரமம் நடந்திருந்து, அதைச் செய்தவன் பத்து ஆண்டு கழித்துத் தீராத நோயில் விழுந்து துடித்துச் செத்தான் என்றே வைத்துக்கொள்வோம். கருமந்துறைக்கு மேலே ஒரு குடிசையில் இருக்கும் தாய்க்கு அது எப்படித் தெரியும்? தெரிந்தாலும், அந்த நோய் இந்த வினைக்கான கூலிதான் என்று அவளிடம் யார் போய்ச் சொல்வார்கள்? தண்டனையைத் தெய்வத்தின் பொறுப்பில் விட்டுவிடலாம் என்று அவள் ஒருவேளை சம்மதித்தாலும், என்ன நடந்தது என்ற விஷயத்தை அவ்வாறு விட முடியாது. ஏனெனில் எல்லாம் அறிந்த அது எதையும் சொல்வதில்லை.

சிலப்பதிகாரத்தின் நடையை இந்த நோக்கில் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். கோவலன் வெட்டுண்டதற்குப் பூர்வஜன்ம வினையே காரணம் என்று இளங்கோவடிகளே ஒரு கதை வைத்திருக்கிறார். கோவலன் முற்பிறப்பில் பரதன் என்ற பெயருடைய அரசாங்க ஊழியனாக இருந்து, சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக் கொல்வித்த பழி அது. ஆனால் அந்தக் கதையை அவர் எந்த இடத்தில் சொல்கிறார்? கண்ணகி அரசவைக்குச் சென்று, சிலம்பை உடைத்து, உள்ளிருந்த பரல் மாணிக்கம் என்று காட்டி, அரசன் தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டு உயிர்விட்டு, மதுரையும் எரிந்த பிறகு. மதுராபதித் தெய்வம் ஊழ்வினையைப் பற்றிப் பேசத் துணிவது, பிரத்தியட்சமான சாட்சியம் சபையில் நிரூபணமாகி முடிந்த பின்னர்தான். அரசன் பொற்கொல்லன் பேச்சைக் கேட்ட அன்றைக்கே, இது கோவலன் விதி என்று அந்தத் தெய்வம் குறுக்கிட்டிருந்தால் காப்பியமும் இல்லை, கண்ணகியும் இல்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அந்தப் பூர்வஜன்மக் குற்றம்கூட, விசாரியாமல் ஒருவனைக் கொன்ற குற்றமே.

திருக்கோவலூரிலிருந்து பெண்ணையாற்றின் போக்கிலேயே சென்றால் வரும் திருவெண்ணெய்நல்லூரில் நடந்ததாகச் சொல்லப்படும் வழக்கு கொலை வழக்கல்ல, அடிமை வழக்கு. இருந்தாலும் அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சுந்தரர் தமக்கு அடிமை என்று கிழப் பிராமணராக வந்து கல்யாணப் பந்தலில் வாதாடிய இறைவன், சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்தபோது, அது படி ஓலைதான், மூல ஓலை இருக்கிறது என்று சபையில் எடுத்து வைக்கிறார். அவையத்தாரும் அதைப் பார்த்த மாத்திரத்தில் நம்பிவிடவில்லை. சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறு கையெழுத்தைத் தருவித்து, இரண்டையும் ஒத்துப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்கிறார்கள். சர்வக்ஞனான கடவுள்கூட ஒரு சிற்றூர்ச் சபையின் முன் வந்தால் ஆவணத்தைக் காட்டித்தான் ஆகவேண்டும் என்று நினைத்த சமயம் நம்முடையது.

துப்புத் துலங்காத கொலைகள் எல்லாம் யாருக்கும் தெரியாத கொலைகள் என்று எண்ணிவிடக் கூடாது. 2003 ஜூலையில் விருத்தாசலத்துக்கு அருகே புதுக்கூரைப்பேட்டையில், ஜாதி மாறி மணந்துகொண்ட ஓர் இளைஞனுக்கும் பெண்ணுக்கும் ஊரார் முன்னிலையில் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். அந்தப் பெண்ணை அந்த இளைஞன் பத்திரமாக இருக்கட்டும் என்று கொண்டுபோய் வைத்திருந்தது, இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்து மூங்கில்துறைப்பட்டில், உறவினர் வீட்டில். ஒரு கிராமமே பார்த்த அந்தக் கொலை, போலீஸ் ஏட்டில் வெகுநாள் ஏறவே இல்லை. ஏறியபோதும் திரிந்தே ஏறியது. 2004இல் உயர் நீதிமன்றம் சி.பி.ஐ.யிடம் கொடுத்து, 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்தபோது, அவர்களுள் போலீஸ் அதிகாரிகளும் இருந்தார்கள். அப்பீல்களை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது 2025 ஏப்ரலில். ஊருக்குத் தெரிந்த ஒன்று அரசாங்கத்துக்குத் தெரிவதற்கு 18 ஆண்டுகள் தேவைப்பட்டன. வேதாந்திகள் ஆத்மாவைச் சாட்சி என்கிறார்கள். பார்ப்பது மட்டுமே அதன் சுபாவம், எதிலும் பற்றி இயங்குவது அதற்கில்லை. ஆத்மாவுக்கு அது லட்சணமாக இருக்கலாம். கண்ணும் வாயும் உள்ள கிராமத்தானுக்கு அதையே லட்சணமாக்கிக்கொண்டால் அதற்கு வேதாந்தத்தில் இடம் தேடுவது வீண்.

இதற்கு நேர்மாறான விபரீதத்தையும் இதே மாவட்டம் கண்டது. 2022 ஜூலையில் சின்னசேலத்துக்கு அருகே விடுதியில் தங்கிப் படித்த ஒரு மாணவி இறந்துபோனாள். அது தற்கொலையா, வேறா என்பது விசாரணையில் இருக்கும்போதே, 17ஆம் தேதி பல்லாயிரவர் திரண்டு பள்ளிக்கூடத்தைச் சூறையாடிப் பேருந்துகளைக் கொளுத்தினார்கள். பிறகு உயர் நீதிமன்ற உத்தரவின்படி இரண்டாம் பிரேதப் பரிசோதனையும், சி.பி.சி.ஐ.டி. விசாரணையும், ஜிப்மர் மருத்துவர்களின் ஆய்வும் நடந்தன. அவற்றின் முடிவைப் பற்றி ஊரில் இன்னும் பேச்சு ஓயவில்லை. அந்த மரணத்தைப் பற்றி நான் அபிப்பிராயம் சொல்லப் போவதில்லை. ஆனால் முதல் நாளிலிருந்தே உள்ளதை உள்ளபடி சொல்கிறார்கள் என்ற நம்பிக்கை மக்களுக்கு இருந்திருந்தால், வதந்தி அன்றைக்கு அத்தனை பேரை அங்கே கொண்டுவந்து சேர்த்திருக்காது என்று மட்டும் நினைக்கிறேன். நாலு நாள் மௌனத்தில் ஒரு கூட்டம் தன் தீர்ப்பைத் தானே எழுதிக்கொண்டுவிடுகிறது.

உள்ளதை உள்ளபடி சொல்வது என்பது எப்படி இருக்கும் என்பதற்கு, பிரேத விசாரணை அறிக்கை என்ற காகிதத்தைப் பார்க்க வேண்டும். பஞ்சாயத்தார் என்று உள்ளூர்வாசிகள் சிலரை அழைத்து வைத்துக்கொண்டு, விசாரணை அதிகாரி, பிணம் கிடந்த இடம், தலை எந்தத் திசை, கால் எந்தத் திசை, மல்லாந்தா கவிழ்ந்தா, கண் மூடியிருந்ததா, வாய் திறந்திருந்ததா, கை விரல்கள் மடங்கியிருந்தனவா, உடுத்திய வேட்டி என்ன நிறம், அரைஞாண் இருந்ததா, மச்சம் எங்கே, காயம் எங்கே, அதன் நீளம் என்ன, அகலம் என்ன என்று தலைமுதல் கால்வரை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு போவார். வறண்ட பாஷை, அடைமொழி கிடையாது, துக்கம் கிடையாது. ஆயினும் ஒழுங்காக எழுதப்பட்ட அத்தகைய அறிக்கையைப் படிக்கையில், கோத்திரம், பெயர், மூன்று தலைமுறை என்று பிசகாமல் சொல்லிப் பிண்டம் வைக்கும் சிராத்தத்தின் நினைவுதான் எனக்கு வருகிறது. தர்ப்பணத்தின் முடிவில், தனக்கென்று எள்ளும் நீரும் விட யாரும் இல்லாத, பெயரும் தெரியாத ஆத்மாக்களுக்கென்று ஒரு கை ஜலம் விடுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. முன்பின் தெரியாதவன் செத்தாலும் அவனுக்கு நாம் ஒன்று கடன்பட்டிருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்ளும் கிரியை அது. ஏரிக்கரையில் அதிகாரி அந்த அறிக்கையை அசட்டையாக, முந்தைய பிணத்துக்கு எழுதியதையே பார்த்து எழுதிவிட்டால், சிரத்தை இல்லாத சிராத்தம் எதுவோ அதுவே அது.

பழைய காலத்தில் இந்தக் கடனைச் செலுத்தினார்களா என்று கேட்பவர்களுக்கு, பாதி செலுத்தினார்கள் என்று சொல்லலாம். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டது 970ஐ ஒட்டிய காலத்தில். அவனுடைய தாய் வானவன் மாதேவி திருக்கோவலூரை ஆண்ட மலையமான் குலத்துப் பெண். கணவனோடு அவள் உடன்கட்டை ஏறியதைத் திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டே குறிக்கிறது. மகனைக் கொன்றவர்கள் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியவர்கள் என்பது, காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கோயில் சுவரில், அவளுடைய இளைய மகன் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டில் இருக்கிறது; துரோகிகள் என்று அவர்களைச் சொல்லி, அவர்களுடையதும் அவர்களைச் சேர்ந்தோருடையதுமான நிலங்களைப் பறித்த செய்தி அது. ஏன் கொன்றார்கள், யார் ஏவிக் கொன்றார்கள் என்பதைக் கல் சொல்லவில்லை. உத்தம சோழனுக்கு அதில் சம்பந்தம் இருந்திருக்கலாம் என்று கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியார் ஐயுற்றார். அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை என்று சதாசிவப் பண்டாரத்தார் மறுத்தார். ஆயிரம் ஆண்டாகியும் அந்த வழக்கின் கட்டு மூடப்படவில்லை. பேராசிரியர்கள்தான் இப்போது புலன் விசாரணை செய்துகொண்டிருக்கிறார்கள். ஆனாலும் பெயர்களைச் சொன்னார்களே, சாமானியன் படிக்கிற இடத்தில் கல்லில் வெட்டினார்களே, அதுவரைக்கும் அந்த அரசாங்கம் மேலானது. இளவரசனுக்குக் கல் கிடைத்தது என்பதையும் மறக்கக் கூடாது. மரம் வெட்டப் போகிறவனுக்கு அதை எதிர்பார்ப்பது இயலுமா?

அவனுடைய மனுஷர்கள் வேறு வாசலைத் தட்டுகிறார்கள். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. முருகன் அங்கே உருவமில்லாத கல்லாக எழுந்தருளியிருக்கிறார். கள்ளக்குறிச்சி, உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்து ஜனங்கள் திருட்டுப் போனாலும், கடன் கொடுத்தவன் ஏமாற்றினாலும், போலீஸில் எழுதிக் கொடுத்தது நகராமல் கிடந்தாலும் அங்கே போய்ப் பிராது கட்டுவார்கள். இன்ன ஊர், இன்னார் மகன் இன்னார் எழுதிக்கொண்ட மனு என்று ஸ்டேஷனில் எழுதுவதுபோலவே காகிதத்தில் எழுதி, சுவாமி பாதத்தில் வைத்து வாங்கி, முனியப்பர் சந்நிதியில் வேலில் கட்டிவிட்டு வருவது வழக்கம். 90 நாளைக்குள் விடை கிடைக்கும் என்பது நம்பிக்கை. காரியம் நிறைவேறினாலோ, எதிரியோடு சமாதானமாகிவிட்டாலோ, மறுபடி போய்ப் பிராதை ராஜினாமா செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் முனியப்பர் விசாரித்துக்கொண்டே இருப்பார். கர்மம் தானே பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பவன் இவ்வளவு சிரமப்பட மாட்டான். எழுத்தில் மனு, தவணை, விசாரணை, முடிவு, வாபஸ் என்று ஒரு நல்ல நியாயஸ்தலத்துக்கு வேண்டிய அங்கங்களையெல்லாம் தெய்வத்தின் வாசலில் அமைத்துக்கொண்டிருக்கிற இந்த ஜனங்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று சிரிப்பவர்கள், அவர்கள் அரசாங்கத்திடம் கேட்டுக் கிடைக்காத பட்டியல் அது என்பதைக் கவனிப்பதில்லை.

விசித்திரமாக, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் முனியப்பரின் தவணையையே வைத்திருக்கிறது: விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் புகார் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ 90 நாளைக்குள் போலீசார் தெரிவிக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் என்பதில் இறந்தவரின் சட்டபூர்வமான வாரிசும் அடங்கும். பழைய சட்டத்தில் தகவல் பெறும் பாத்தியதை முதல் தகவல் கொடுத்தவருக்கு மட்டும்தான். துப்பில்லை என்று வழக்கை முடிக்கும் அறிக்கையை மாஜிஸ்திரேட் ஏற்குமுன் முதல் தகவல் கொடுத்தவருக்கு நோட்டீஸ் தந்து அவர் சொல்வதையும் கேட்க வேண்டும் என்று 1985இல் பகவந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. இறந்தவரின் உறவினர் தாமாகவே வந்து நின்றால் அவரையும் கேட்கலாம், ஆனால் அவருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. ஆள் தெரியாத பிணம் ஓர் ஏரியில் மிதந்தால், பெரும்பாலும் முதல் தகவலை எழுதிக் கொடுப்பவர் அந்த ஊர்க் கிராம அலுவலர். ஆகவே, 2018இல் பதிவான அப்படிப்பட்ட ஒரு வழக்கு என்றேனும் முடித்துவைக்கப்பட்டால், பழைய சட்டத்தின்படி நோட்டீஸ் அவருக்குப் போகும்; அவர் அதற்குள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருப்பார்; கல்வராயன் மலைக்கு அது வராது.